கோட்டை மதிலும் ஒரு புளோரன்ஸ்காரரும்

(மட்டக்களப்பில் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அரசியல், வரலாறு, மனித சுபாவம் என்று தலைப்புத் தந்தார்கள். மூன்றையும் நாற்பது நிமிடத்தில் முடிக்கவும் சொன்னார்கள். நான் முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதிய ஆள். பெரிய விஷயம் மேசைக்கு வந்தால் இதைப் பற்றி முன்னால் இருந்தவர் ஏதாவது குறிப்பு எழுதியிருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒருவர் எழுதியிருக்கிறார். பிரான்செஸ்கோ குவிச்சார்தினி, 1483இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் பிறந்தவர், அரசியல் நூல்கள் எழுதிய மக்கியவல்லியின் சிநேகிதர். மக்கியவல்லியின் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. இவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முப்பது வயது ஆகுமுன்னே ஸ்பெயினுக்குத் தூதுவராகப் போனார். மறுகா பாப்பரசரின் கீழ் மொடேனா, ரெஜியோ, பார்மா என்று ஊர் ஊராக ஆளுநர். நம்முடைய கணக்கில் இடமாற்றக் கடிதத்தோடே வாழ்ந்த ஓர் அரசாங்க அதிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1526இல் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸுக்கு எதிராகப் பாப்பரசர் ஏழாம் கிளெமென்ட் பிரான்சோடு சேர்ந்தார். சேரலாம் என்று சொன்னவர்களில் இவரும் ஒருவர். அடுத்த வருடம் மே மாதம் சம்பளம் கிடைக்காத பேரரசின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடியது. அதே மாதம் புளோரன்ஸ் மக்கள், நகரத்தை ஆண்ட பாப்பரசரின் குடும்பமான மெடிச்சிக் குடும்பத்தைத் துரத்தினார்கள். மெடிச்சிகளின் ஆளென்று இவரையும் ஒதுக்கினார்கள். 1530இல் கலகக்காரர் என்று அறிவித்துச் சொத்தையும் எடுத்தார்கள். பதவியில்லாமல் இருந்த அந்த வருடத்தில்தான் தன் பழைய குறிப்புகளை எடுத்துத் திருத்தி முடித்தார். மொத்தம் 221. அச்சுக்கு என்று எழுதியதல்ல, வீட்டில் கிடக்கட்டும் என்று எழுதியது.

அதில் ஒன்று. அரண்மனைக்கும் சந்தைவெளிக்கும் நடுவில் அடர்ந்த பனியோ தடித்த சுவரோ நிற்கிறது என்கிறார். உள்ளே ஆளுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வெளியே நிற்கிற சனத்துக்கு, இந்தியாவில் நடப்பது தெரிகிற அளவுக்குத்தான் தெரியுமாம். அவருக்கு இந்தியா உலகத்தின் அந்தக் கரை. நமக்குப் பக்கத்து வீடு. அங்கே எந்தத் தொலைக்காட்சியில் என்ன நாடகம் போகிறது என்பதுவரை தெரியும்!

அவர் சொன்ன சுவரை நம் ஊரில் கையால் தொட்டே பார்க்கலாம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை. 1638 மே மாதம் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இந்தத் தீவில் அவர்கள் கைக்கு வந்த முதல் கோட்டை இதுதான். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. கச்சேரி, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகம், நெடுங்காலம் அதற்குள்ளேதான் இருந்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்தவர்கள், காணி உறுதியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி அந்த வாசலில் நிற்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உள்ளே போகுமுன் சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

இன்னொரு குறிப்பு சிநேகிதருக்கே கொடுத்த அடி. மக்கியவல்லி எதற்கெடுத்தாலும் ரோமரை இழுப்பார். ரோமரிடம் இருந்தது நம்மிடம் இல்லாதபோது அவர்களைப்போல் செய் என்பது, கழுதையைக் குதிரைபோல் ஓடச் சொல்வது என்கிறார் இவர். (எங்கள் பக்கம் கழுதை இல்லை. மன்னாருக்குப் போனால் தெருவில் நிற்கும்.) நம் மேடைகளில் ரோமருக்குப் பதில் சிங்கப்பூர், அவ்வளவுதான் வித்தியாசம். விதைப்புக்கும் தண்ணீருக்கும் திகதி குறிக்கிற பெரும்போக ஆரம்பக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இது விளங்கும். உன்னிச்சைக் குளத்துக்குச் சரிவந்த திகதி நவகிரிக் குளத்துக்குச் சரிவராது. ஒரே வட்டைக்குள், அதாவது ஒரே வயல்வெளிக்குள், மேட்டு வயலுக்குப் போதும் என்ற தண்ணீர் பள்ளத்து வயலை மூழ்கடிக்கும். வயல்வெளியின் தண்ணீரைப் பார்க்கிற வட்டைவிதானை இதற்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை, மண்ணைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். பதம் அறிவது புத்தகத்தில் வராது என்று குவிச்சார்தினியும் எழுதியிருக்கிறார்.

மனித சுபாவம் பற்றி அவர் சொன்னதை நீட்ட மாட்டேன். மனிதர் இயல்பிலே நன்மைப் பக்கம் சாய்கிறவர்கள், ஆனால் பலவீனர்கள், ஆசை காட்டினால் விலகிவிடுவார்கள் என்றார். சாட்சிக்கு அவரையே எடுக்கலாம். குருமாரின் பேராசை தனக்குப் பிடிக்காது; பாப்பரசர்களிடம் பதவி பார்த்ததால்தான் சும்மா இருந்தேன், இல்லாவிட்டால் பாப்பரசரை எதிர்த்த லூதரை நேசித்திருப்பேன் என்று எழுதி வைத்தார். ஓய்வூதியம் எடுக்கிற நான் இந்த இடத்தில் சிரிக்கக் கூடாது. 1530 ஆகஸ்டில் மெடிச்சிகளுக்காக வந்த படையிடம் புளோரன்ஸ் விழுந்ததும் திரும்பி வந்து எதிராளிகளைத் தண்டித்ததில் அவர் கை இரங்கவில்லை. அதையும் மறைக்கக் கூடாது. 1537இல் கொசிமோ என்ற பதினேழு வயதுப் பையனை ஆட்சியில் ஏற்றத் துணை நின்றார், சொல்லுக் கேட்பான் என்று நினைத்து. பையன் கேட்கவில்லை. அப்புறம் ஊருக்கு வெளியே வீட்டில் இருந்து இத்தாலியின் வரலாற்றை எழுதினார், 1540இல் இறந்தார். அது அச்சில் வந்தது 1561இல்.

நான் பேச வந்தது உண்மையில் வேறொரு குறிப்புக்காக. வரலாறு எழுதியவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் ஒரே பிழையை விட்டார்கள் என்கிறார். தங்கள் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்ததை, தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டார்கள். அதனால் ரோமரின் அதிகாரிகளுக்கு என்னென்ன அதிகாரம் இருந்தது, படையை எப்படி ஒழுங்கு செய்தார்கள் என்பதெல்லாம் தனக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார்.

அந்தப் பிழை நானும் விட்டது. 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், இளம் எழுதுவினைஞராக இருந்தேன். கூரையில்லை. கோப்புகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிள்ளைகளின் பழைய கொப்பிகளை வாங்கி, கணக்குப் பாடத்தின் பின்பக்கத்தில் குடும்ப விபரம் எழுதினோம். விழுந்து கிடந்த தென்னையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு அம்மா தன் வீட்டுப் பெயர்களைச் சொல்லி வந்தவர், ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, “அதை வெட்டு தம்பி” என்றார். வெட்டினேன். மாத முடிவில் அறிக்கை எழுதியதும் நான்தான். “நிவாரணம் வழங்கப்பட்டது.” ஒரே வரி. கொப்பிகள் என்ன ஆயின என்று தெரியாது.

சரி, சூறாவளியை விடுங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. அதற்கு முன் பாதையில்தான், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடத்துகிற மிதவையில்தான் கடந்தோம். இப்போது பள்ளிக்கூடத்தில் “பாதையில் வாவியைக் கடந்தோம்” என்றால், பாதை என்றால் தெருதானே, தண்ணீரில் எப்படித் தெரு என்று கேட்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் இந்த நிலை. கல்லடிப் பாலத்துக்கு முன்னால், அதாவது 1924க்கு முன்னால், எப்படிக் கடந்தார்கள் என்று யாரிடம் கேட்பது?

போன மாதம் ஒரு கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் “மண்முனைப் பாதை” என்று தலைப்புப் போட்டேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். இரவில் நோயாளியோடு கரைக்கு வந்தால் அக்கரையில் இருந்தவரை எப்படிக் கூப்பிடுவார்கள், கூவியா, விளக்குக் காட்டியா? முன்வரிசையில் இருக்கிற அண்ணன் படுவான்கரைக்காரர். நன்றி சொல்லி முடித்ததும் அவரைப் பிடிக்க வேண்டும். அண்ணன், போய்விடாதீர்கள்.