சுந்தர ராமசாமிக்குள் இருந்த பசுவய்யா

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு சுந்தர ராமசாமியைப் பற்றிப் பேசப் போகிறேன். சு.ரா. என்றதும் பலருக்கும் முதலில் 'ஒரு புளியமரத்தின் கதை'தான் ஞாபகம் வரும். பசுவய்யா என்று சொன்னால் "அது யார்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருவரும் ஒருவர்தான். நாவலும் சிறுகதையும் சுந்தர ராமசாமி என்ற பெயரில், கவிதை பசுவய்யா என்ற பெயரில். அந்தக் கவிஞரைப் படிக்காமல் சு.ரா.வை முழுதாகப் படித்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

1931இல் நாகர்கோவிலில் பிறந்தார். சின்ன வயதுக் காலம் கோட்டயத்தில். பள்ளியில் படித்தது மலையாளம், ஆங்கிலம், சமஸ்கிருதம். தமிழ் எழுதப் படிக்கப் பிறகுதான் கற்றுக்கொண்டார். அவர் வாக்கியங்களில் ஒரு சொல் கூடச் சும்மா வந்து உட்கார்ந்திருக்காது. பழக்கதோஷத்தில் எழுதிய வரி என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். தாமதமாகக் கற்ற மொழி என்பதால்தான் அவ்வளவு கவனமோ என்று எனக்குத் தோன்றும்.

சிறுகதை மேதை புதுமைப்பித்தன்மேல் சு.ரா.வுக்கு அப்படி ஒரு பற்று. 1951இல் புதுமைப்பித்தனுக்காக ஒரு நினைவு மலர் கொண்டுவந்தார். அப்போது இவருக்கு இருபது வயது! அப்புறம் இடதுசாரித் தோழர்களின் நட்பு, கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவிடம் பெரிய மரியாதை. இன்னொரு பக்கம் குடும்பத்தின் ஜவுளிக்கடை. மலையாள எழுத்தாளர் தகழியின் 'செம்மீன்' நாவல் தமிழுக்கு வந்ததும் இவர் கையால்தான்.

சரி, கவிதைக்கு வருவோம். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்குகிறார். அந்த வருஷமே பசுவய்யாவின் 'உன் கை நகம்' அதில் வருகிறது. கைநகத்தை வெட்டு, அழுக்குச் சேரும் என்கிற கவிதை. நிலவும் பெண்ணும் தாய்நாடும் பாடிக்கொண்டிருந்த காலத்தில் நகம்! எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

இன்னொரு கவிதை, 'கதவைத் திற'. கதவைத் திறந்தால் காற்று வரப்போகிறது, விசிறி எதற்கு, அதன் சிறகை ஒடி என்று போகும். 'கதவைத் திற, காற்று வரட்டும்' என்பதை இன்றைக்குப் பழமொழி மாதிரி எல்லோரும் சொல்கிறார்கள். எழுதியவர் பெயர் மட்டும் விட்டுப்போய்விட்டது. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

இந்தக் கண்ணோடு புளியமரத்துக்கு வாருங்கள். 1966இல் புத்தகமாக வந்த நாவல். ஒரு காலத்தில் அந்த மரம் குளத்துக்கு நடுவில் நின்றதாக, நாவலில் வரும் தாமோதர ஆசான் என்ற முதியவர் கதை சொல்வார். மகாராஜா அந்த வழியாக வருகிறார், குளம் நாறுகிறது, குளத்தைத் தூர்க்கிறார்கள். பிறகு சாலை, கடைகள், நகராட்சித் தேர்தல், போட்டி. மரம் தன்பாட்டுக்கு நிற்கிறது. மரத்தின்மேல் யாருக்கும் தனிப்பட்ட பகை கிடையாது. ஆனாலும் கடைசியில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு ஊரின் அரை நூற்றாண்டை ஒரே மரத்தில் கட்டி நிறுத்த கவிஞனால்தான் முடியும்.

1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. ஜோசஃப் ஜேம்ஸ் என்ற கற்பனை மலையாள எழுத்தாளர், அவரைத் தேடிப் போகும் பாலு என்ற தமிழ் எழுத்தாளன், கடைசியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. அந்த நாட்குறிப்பில் பல பத்திகளை வரி வரியாக உடைத்து எழுதினால் பசுவய்யா கவிதைகள்தான். முயன்று பாருங்கள். 1998இல் வந்த 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' கோட்டயத்துக் காலத்துக்குத் திரும்பிப் போகிற பெரிய நாவல். அதற்குத் தனி வீடியோ வேண்டும்.

'காலச்சுவடு' 1988இல் இவர் தொடங்கிய பத்திரிகைதான். கவிதைக்காக குமாரன் ஆசான் விருதும், கனடாவின் இயல் விருதும் கிடைத்தன. சாகித்ய அகாதெமி விருது கடைசிவரை தரப்படவில்லை. அது அகாதெமிக்குத்தான் குறை. 2005 அக்டோபரில் அமெரிக்காவில் காலமானார்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் 'நடுநிசி நாய்கள்' தொகுப்பை எடுங்கள். தினமும் இரண்டு கவிதை போதும், வாய்விட்டுப் படியுங்கள். அதன்பிறகு புளியமரம், அப்புறம் ஜே.ஜே. ஏற்கெனவே நாவல்களைப் படித்தவர்கள் நேராக '107 கவிதைகள்' போய்விடலாம். உங்களுக்குப் பிடித்த பசுவய்யா கவிதை எது என்று கீழே எழுதுங்கள், அடுத்த முறை அதையே எடுத்துப் பேசுவோம்.