கத்தியைக் கீழே போடுங்க! நண்டு சொல்லித் தரும் முடிச்சு

[காட்சி: மண்டபம் கடற்கரை. நனைந்த நைலான் கயிறு, முடிச்சைக் கிளறும் விரல்கள்]

நகத்தால் கிளறிப் பார்த்தேன், பல்லால் கடித்துப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் கத்திதான். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? கட்டுவது எல்லோருக்கும் வரும். பாரம் இழுத்த பிறகும் சுலபமாக அவிழ வேண்டும், அதுதான் முடிச்சு.

வரலாறு ஒரே வரி: ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று சொல்வது நம் கட்டுமரத்தைத்தான், கட்டைகளைக் கயிற்றால் கட்டியது. சரி, வரலாறு முடிந்தது.

அப்புறம் நம்ம ஹீரோ, பௌலைன் என்ற கண்ணி முடிச்சு. உருவாஞ்சுருக்கு இழுக்க இழுக்க இறுகும். அதை ஆட்டின் கழுத்தில் போட்டால் சாயங்காலம் பிரியாணிதான். பௌலைன் கண்ணி எவ்வளவு இழுத்தாலும் சுருங்காது. வெளிநாட்டில் இதை முயல் கதை சொல்லிப் பழக்குகிறார்கள். இந்தக் கரையில் முயலுக்கு எங்கே போவது? நமக்கு நண்டும் பனையும் போதும்.

[காட்சி: கைகள் மட்டும், மிக அருகில்]

கயிற்றின் நீளப் பக்கம், பனைமரம். அதன் மேல் நுனிப் பக்கத்தைக் குறுக்கே போட்டு ஒரு சின்ன வளையம் செய்யுங்கள், அது நண்டு வளை. நுனிதான் நண்டு. நண்டு வளைக்கு அடியிலிருந்து மேலே வருகிறது, மரத்துக்குப் பின்னால் சுற்றுகிறது, ஆள் வருவதைப் பார்த்துவிட்டு அதே வளைக்குள் இறங்குகிறது. இப்போது மரத்தை இழுங்கள். முடிச்சு வரவில்லையா? வளையத்தில் மரம் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். நான் ஒரு வாரம் இதே தப்பைச் செய்தேன், சிரிக்காதீர்கள்.

அவிழ்க்க, மரத்தைச் சுற்றிய வளைவைக் கட்டைவிரலால் முன்னால் மடக்குங்கள். நனைந்த கயிறும் இளகிவிடும். எனக்கு இந்த நொடிதான் பிடிக்கும்! தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பானது, பிடித்துக்கொள்ளும். நைலான் வழுக்கும், அதனால் நுனியை ஒரு சாண் விட்டு வையுங்கள்.

ஒரு குறை: கயிறு விறைத்து இழுத்துக்கொண்டிருக்கும்போது பௌலைனை அவிழ்க்க முடியாது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், காற்று படகை இழுக்கிறது, கயிற்றைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்றால்? அதற்குக் கரையில் நட்ட கட்டையில் முழுதாக ஒரு சுற்று, மேலே இரண்டு அரை முடிச்சு. இழுவை இருக்கும்போதே அவிழும், சுற்று பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

முடிச்சில் கைவேகம் பார்க்க வேண்டுமா? மண்டபம் பக்கம் கடற்பாசி வளர்க்கும் அக்காக்களிடம் போங்கள். 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 பாசித் துண்டு. 400 முடிச்சு! 45 நாளில் அறுவடை, மறுபடி முதலிலிருந்து. நான் ஒரு கயிறு கட்டுவதற்குள் பக்கத்து அக்கா நாலாவதில் இருந்தார்.

கடைசியாக, குனிந்து உங்கள் ஷூ லேஸைப் பாருங்கள். பூ காலுக்குக் குறுக்கே கிடந்தால் சரியான கட்டு. விரலையும் குதிகாலையும் பார்த்து நெடுக்காகத் திரும்பிக் கிடந்தால் தப்புக் கட்டு, அடிக்கடி அவிழும். முதல் முடிச்சு வலது மேலே என்றால் அடுத்தது இடது மேலே வர வேண்டும், அவ்வளவே. இந்தத் தப்புக் கட்டை நம்பி பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிப் பாம்பன் பாலம் ஏறியவன் நான். பெட்டி இறங்கிவிட்டது, நான் இறங்கவில்லை.

உங்களுடையது குறுக்கா, நெடுக்கா? கமெண்டில் சொல்லுங்கள். செருப்புப் போட்டவர்கள் சும்மா லைக் மட்டும் போடுங்கள்.