பெர்ஃப்மானில் எஸ்.க்யூ.எல். சர்வர் கவுன்ட்டர்களைக் காணவில்லையா?

(திரையில்: பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் கவுன்ட்டர் சேர்க்கும் பட்டியல் மெதுவாக உருள்கிறது.)

வணக்கம். பெர்ஃப்மானை, அதாவது விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்திருக்கிறோம். கணினியின் வேலையை எண்ணிக் காட்டும் அளவீடுகளைத்தான் கவுன்ட்டர்கள் என்கிறோம். ப்ராசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, டிஸ்க் இருக்கிறது. ‘எஸ்’ வரிசைக்கு வந்தால், எஸ்.க்யூ.எல். சர்வர் என்று தொடங்கும் ஒரு பெரிய கூட்டமே இருக்க வேண்டிய இடம் மொட்டையாகக் கிடக்கிறது. எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இது பெரும்பாலும் தெரியவருவது, அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. பிசான அறுவடை நேரம். நெல் லாரிகள் எடைமேடைக்கு வரிசை கட்டி நிற்கின்றன. எடைச் சீட்டு வெளியே வரத் தாமதம். கணக்குப்பிள்ளை கேட்கிறார்: “தம்பி, மெமரி போதவில்லையா, டிஸ்க் இழுக்கிறதா? ஏதாவது ஒன்றைச் சொல். முதலாளியிடம் அதற்குத்தான் பணம் கேட்க வேண்டும்.” நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்வதற்கான கவுன்ட்டர்களே பட்டியலில் இல்லை. “அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது அண்ணாச்சி” என்றுதான் சொல்ல முடிந்தது.

இந்த இடத்தில் பலர் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள், சிலர் எஸ்.க்யூ.எல். சர்வரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பாபநாசம் அணையின் மட்டத்தைக் காலைச் செய்தித்தாளில் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 143 அடி அளவுகோலில் எழுத்து அழிந்துபோனால், கோலுக்குத்தான் வர்ணம் அடிப்பார்கள். அணையை இடித்துக் கட்ட மாட்டார்கள்.

முதலில், பெயரைச் சரியாகத் தேடுகிறோமா என்று பாருங்கள். ஒரு கணினியில் எஸ்.க்யூ.எல். சர்வரின் ஒவ்வொரு நிறுவலும் ஓர் இன்ஸ்டன்ஸ். பெயர் வைக்காத டிஃபால்ட் இன்ஸ்டன்ஸ் என்றால் ‘எஸ்.க்யூ.எல். சர்வர்’ என்ற பெயரில் கவுன்ட்டர்கள் இருக்கும். தனிப் பெயர் வைத்த இன்ஸ்டன்ஸ் என்றால் ‘எம்.எஸ்.எஸ்.க்யூ.எல்.’, அடுத்து டாலர் குறி, அடுத்து இன்ஸ்டன்ஸின் பெயர். அதாவது ‘எம்’ வரிசையில் இருக்கும். கணக்கு மென்பொருளோடு சேர்ந்து வரும் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புகள் பலவும் இப்படித் தனிப் பெயரில்தான் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்பிரஸ் என்றதும் ஒரு விஷயம்: 2016-க்குப் பிந்தைய எக்ஸ்பிரஸில் பஃபர் பூல், அதாவது தரவை வைத்துக்கொள்ளும் மெமரிப் பகுதி, 1,410 எம்.பி.க்கு மேல் போகாது. சர்வரில் 64 ஜி.பி. மெமரி போட்டாலும் அதேதான். கணக்குப்பிள்ளை முதலாளியிடம் போவதற்கு முன்னால் பதிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

பெயர் சரிதான், ஆனாலும் இல்லை என்றால், டேட்டாபேஸ் என்ஜினிடமே கேட்க வேண்டும்.

(திரையில்: வினவல் சாளரம். ஒரே ஒரு வரி.)

‘சிஸ் புள்ளி டிஎம் ஓஎஸ் பெர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டர்ஸ்’ என்ற வியூவில், அதாவது அட்டவணை போலப் படிக்கக்கூடிய காட்சியில், எத்தனை வரிசைகள் என்று எண்ணச் சொல்கிறேன். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு உண்டு. விடை பூஜ்யமா, பூஜ்யம் இல்லையா என்பது மட்டும் போதும். எங்கே தேடுவது என்பதை அது பிரித்துக் காட்டிவிடும்.

பூஜ்யம் இல்லை என்றால் என்ஜின் ஒழுங்காக எண்ணுகிறது. விண்டோஸ் பக்கம்தான் ஏதோ தடை. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எல், ஓ, டி, சி, டி, ஆர் என்ற கட்டளையை, சாய்கோடு ‘க்யூ’ சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு சேவையின் கவுன்ட்டர்களும் இயங்குகின்றனவா, முடக்கப்பட்டுள்ளனவா என்று வரும். கவுன்ட்டர் தரும் டி.எல்.எல். என்ற நிரல் கோப்பு தொல்லை கொடுத்தால் விண்டோஸ் தானாகவே அதை முடக்கி வைப்பதுண்டு. அதே கட்டளையில் சாய்கோடு ‘ஈ’, முக்காற்புள்ளி, சேவையின் பெயர் என்று கொடுத்தால் முடக்கம் நீங்கும்.

பாளையங்கோட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து ஆலையின் சர்வரைப் பார்ப்பவர்களுக்கு வேறு இரண்டு தடைகள். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதை வெளியிலிருந்து படிக்க, அந்தச் சர்வரில் ரிமோட் ரெஜிஸ்ட்ரி சேவை ஓட வேண்டும். கண்காணிக்கும் கணக்கு, பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் யூசர்ஸ் குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகு அந்தக் கணக்கு ஒரு முறை வெளியேறி உள்ளே வர வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்தும் பயனில்லை.

இனி, விடை பூஜ்யம் என்றால். ஆலையில் வந்தது இதுதான்.

விண்டோஸ் ஒவ்வொரு கவுன்ட்டரையும் எண்ணால்தான் அறியும். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்ற பதிவு, ரெஜிஸ்ட்ரியில் பெர்ஃப்லிப் என்ற இடத்தில் இருக்கிறது. தனக்கு ஒதுக்கிய எண் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை எஸ்.க்யூ.எல். சர்வர் தன் சேவைக்குக் கீழே உள்ள ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற கிளையில் வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வேறொரு மென்பொருளை அரைகுறையாக நீக்கினாலே இந்த ஒழுங்கு குலையலாம். சேவை தொடங்கும்போது பொருத்திப் பார்க்கும் என்ஜின், பொருந்தாவிட்டால் கவுன்ட்டர்களை நிறுத்திவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறது. பயனருக்கு ஒன்றும் தெரியாது. எஸ்.க்யூ.எல். சர்வரின் பிழைப் பதிவான எர்ரர் லாகில் மட்டும் 8313 என்ற எண்ணில் ஒரு வரி விழுந்திருக்கும்.

8313-க்குப் பதிலாக 3409 இருந்தால், சேவைக் கணக்குக்கு ரெஜிஸ்ட்ரி அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்.க்யூ.எல். சர்வரின் கான்ஃபிகரேஷன் மேனேஜரை விட்டுவிட்டு, விண்டோஸ் சர்வீசஸ் சாளரத்தில் கணக்கை மாற்றியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

(திரையில்: கறுப்புச் சாளரம், அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற தலைப்புடன்.)

சரிசெய்யும் முறைக்கு வருவோம். முதலில் மேலே சொன்ன எல், ஓ, டி, சி, டி, ஆர் கட்டளையில் சாய்கோடு ‘எஸ்’ கொடுத்து, இருக்கும் பதிவை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கட்டளைக்கு முன்னால் யூ, என் சேர்த்து, சேவையின் பெயரைக் கொடுத்தால் பழைய பதிவு நீங்கும். அடுத்து, முன்னொட்டு இல்லாமல், கவுன்ட்டர் விவரங்கள் உள்ள ஐ.என்.ஐ. கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் புதிய பதிவு ஏறும். கோப்பின் சரியான பெயர், நான் சொன்ன பெர்ஃபார்மன்ஸ் கிளையில் ‘பெர்ஃப் ஐ.என்.ஐ. ஃபைல்’ என்ற மதிப்பில் இருக்கிறது. கோப்பு இன்ஸ்டன்ஸின் ‘பின்’ அடைவில் கிடக்கும். ஊகித்துத் தட்டச்சு செய்யாதீர்கள், பார்த்து எழுதுங்கள்.

தனிப் பெயர் இன்ஸ்டன்ஸுக்கு இதைப் பவர்ஷெல்லில் செய்தால் கவனம். டாலர் குறியைப் பார்த்ததும், அடுத்து வருவது ஒரு மாறி என்று அது எடுத்துக்கொள்ளும். பாதிப் பெயர் காணாமல் போய்விடும். ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள், அல்லது பழைய கமாண்ட் ப்ராம்ப்டே போதும்.

சாய்கோடு ‘ஆர்’ கொடுத்து மொத்தப் பதிவையும் மீட்டெழுதும் வழியும் உண்டு. அது கணினியிலுள்ள எல்லாருடைய கவுன்ட்டர்களையும் தொடுகிறது. தனியாகச் சரிசெய்ய முடியாதபோது மட்டும் அதைத் தொடுவேன்.

பதிவு ஏறிய பிறகும் வியூ பூஜ்யம்தான் காட்டும், பதறாதீர்கள். என்ஜின் பொருத்திப் பார்ப்பது தொடக்கத்தில் மட்டுமே என்பதால், எஸ்.க்யூ.எல். சேவையை ஒரு முறை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஆலையில் கடைசி லாரி போன பிறகுதான் அதற்கு வாய்த்தது. ரிமோட் ரெஜிஸ்ட்ரி சேவையையும் கூடவே ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். பல கணினிகள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டர் என்றால், இந்தப் பதிவு ஒவ்வொரு நோடிலும், அதாவது ஒவ்வொரு கணினியிலும், தனித்தனி. ஒன்றில் செய்தது மற்றதில் ஏறாது.

வியூவில் வரிசைகள் உண்டு, பெர்ஃப்மான்தான் இன்னும் சரியாகவில்லை என்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை, வியூவிலிருந்தே படிக்கலாம். தரவுப் பக்கம் மெமரியில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று காட்டும் பேஜ் லைஃப் எக்ஸ்பெக்டன்சி நேரடியாக விநாடிக் கணக்கு. வந்து சேரும் கட்டளைத் தொகுதிகளை எண்ணும் பேட்ச் ரிக்வெஸ்ட்ஸ் அப்படி இல்லை. ‘விநாடிக்கு’ என்று பெயரில் இருந்தாலும், சேவை தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வரும் மொத்தம் அது. இப்போது 48,20,500, 10 விநாடி கழித்து 48,21,700. வித்தியாசம் 1,200. பத்தால் வகுத்தால் விநாடிக்கு 120. டிஸ்குக்குப் போகாமல் மெமரியிலேயே கிடைத்த தரவின் விகிதமான பஃபர் கேஷ் ஹிட் ரேஷியோவுக்கு, ‘பேஸ்’ என்று முடியும் துணை வரிசையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும்.

(திரையில்: இரண்டு முறை படித்து வித்தியாசம் காட்டும் வினவல். முழு வடிவம் விளக்கப் பகுதியில்.)