யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

அன்பான மாணவர்களே,

சமூகக் கொள்கையை முதுகலையில் எடுக்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் இரக்க குணம் இருந்தால் போதும் என்று நினைத்து வந்துவிடாதீர்கள். ஒரு திட்டம் யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள்? கணக்கையும் சட்டத்தையும் களத்தையும் சேர்த்து வைத்து இதைத் துருவுகிற படிப்பு இது.

நம் ரேஷன் கடையையே எடுத்துக்கொள்வோம். 1997இல் மத்திய அரசு, பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி அட்டை வைத்திருந்தால் அரிசி உண்டு. அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பொருளும் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு அட்டை இருக்கிறது. ஒதுங்குவதா வேண்டாமா என்பதைக் குடும்பமே முடிவு செய்கிறது, அதிகாரி இல்லை. 2016இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகும் மாநிலம் இதை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வாருங்கள். மாதம் 1,000 ரூபாய். இங்கே வரம்புகள் உண்டு: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட். இவற்றைத் தாண்டினால் கிடையாது. பணம் அளவோடுதான் இருக்கிறது, அதனால் வரம்பு வைத்தார்கள். சரி. ஆனால் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் இருக்கும் வீட்டை யோசித்துப் பாருங்கள்.

தகுதி இல்லாதவருக்குப் போய்ச் சேருவது ஒரு பிழை, தகுதி உள்ளவர் விடுபடுவது இன்னொரு பிழை. முதலாவதைப் பற்றித்தான் பத்திரிகையும் தேநீர்க் கடையும் பேசும். இரண்டாவதில் அடிபட்டவர் சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய பிழை. வகுப்பில் இதை நீங்கள் மறுத்து வாதிடலாம், வாதிடவும் வேண்டும்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1950இல் இந்தத் துறைக்குப் பேராசிரியராக வந்தவர் ரிச்சர்ட் டிட்மஸ். பட்டம் படிக்காதவர்; அதற்கு முன் பல வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தா. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அந்தச் சேவையே தரம் தாழ்ந்துவிடும் என்று வாதிட்டார். வசதியுள்ளவர்களும் அதே வரிசையில் நின்றால்தான் தரம் கெடும்போது கேள்வி எழும். ரேஷன் அரிசியின் தரம் இங்கே தேர்தல் பேச்சாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

அந்தக் கல்லூரியில் 1912இல் வறுமையை ஆராயப் பணம் கொடுத்தவர் நம் ரத்தன் டாட்டா, ஜாம்ஷெட்ஜியின் இளைய மகன். அப்புறம் 1936இல் டாட்டா அறக்கட்டளை மும்பையில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்.

புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள். மத்திய அரசு வீடுகளில் கேட்டு எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் அட்டவணையை வாசிக்கத் தெரியாமல் இந்தப் படிப்பில் ஒரு வாதம்கூட நிற்காது. ஆய்வேட்டுக்கு வெளிநாட்டுத் தலைப்பைத் தேடி அலையவும் வேண்டாம். உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் தாலுகாவில் யார் செய்தார்கள், யார் செய்யவில்லை, ஏன் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.