ஒட்டுக்குக் கீழே இருக்கும் பழுது

வணக்கம். பழைய டிராக்டரைப் பிரித்துச் சீராக்குவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பல வருடங்களாகக் கை நிறைய கிரீஸோடு இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில், எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்றைச் சொல்கிறேன்.

பழைய வண்டி ஒன்று வந்து நின்றதும் எல்லோரும் கேட்பது எஞ்சின் எப்படி, கியர் எப்படி, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுதான். நான் முதலில் தேடுவது ஒப்பேற்றிய வேலைகளை. நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின் இருக்க வேண்டிய இடத்தில் வளைத்துவிட்ட ஆணி, டேப் சுற்றிய ஒயர், பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி, வாஷருக்கு மேல் வாஷராக அடுக்கி ஆட்டத்தை நிறுத்திய முன் அச்சு. முப்பது நாற்பது வருடம் உழைத்த வண்டியில் இவை இல்லாமல் இருக்காது. செய்தவரை நான் குறை சொல்லமாட்டேன். மழை வருவதற்குள் உழுது முடிக்க வேண்டும், வண்டி நடு வயலில் நின்றுவிட்டது, கையில் கிடைத்ததை வைத்து ஓட்டியிருப்பார். அது நியாயமான வேலைதான். ஆனால் நாளைக்குச் சரியாகச் செய்யலாம் என்று விட்டது அப்படியே நின்றுபோகும். அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு ஒட்டு. இப்படி ஐந்தாறு பேர் கை பட்ட பிறகுதான் வண்டி நம்மிடம் வருகிறது.

அதனால் ஒரு ஒட்டைப் பார்த்ததும் பிடுங்கி எறிய வேண்டாம். இதை ஏன் செய்தார் என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு ஒட்டுக்குக் கீழேயும் ஒரு பழுது இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் ஒட்டை மட்டும் எடுத்தால், பழுது மறுபடி தலைதூக்கும்.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். செல்ஃப் அடித்தால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றி நின்றுவிடும். முன்பு வைத்திருந்தவர் புதிய பாட்டரி போட்டிருந்தார். பிறகு செல்ஃப் மோட்டாரை மாற்றியிருந்தார். அதற்கும் சரியாகாமல், பாட்டரியிலிருந்து செல்ஃபுக்கு இன்னொரு தடித்த ஒயரைத் தனியாக இழுத்து, பழைய ஒயரோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். மூன்று செலவு, பலன் இல்லை. நான் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். பாட்டரி 12.6 வோல்ட், முழு சார்ஜ். அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், அதாவது வண்டியின் இரும்போடு இணையும் முனையிலும், மற்றொன்றைச் சுரண்டிய எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சினை நிறுத்தும் கேபிளைத் தற்செயலாகத் தொட்டேன், சுட்டது. டாஷ்போர்டிலிருந்து டீசல் பம்புக்குப் போகும் மெல்லிய கேபிள் அது. அதற்கும் செல்ஃபுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு ஏன் சுட வேண்டும்?

எர்த் ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். எப்போதோ பெயின்ட் அடித்தவர்கள் அதைக் கழற்றி, பெயின்டுக்கு மேலேயே ஒரு தகட்டில் வைத்து முடுக்கியிருந்தார்கள். எஞ்சினுக்கு நேர்வழி இல்லை. செல்ஃப் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர், கிடைத்த வழியிலெல்லாம், அந்த மெல்லிய கேபிள் வழியாகவும் போயிருக்கிறது. கிளட்ச் ஹவுசிங்கில் ஒரு போல்ட்டைச் சுற்றி இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, எர்த் ஒயரை அங்கே முடுக்கி, மேலே லேசாக கிரீஸ் தடவினேன். கூடுதலாக இழுத்திருந்த ஒயரைக் கழற்றினேன். செல்ஃப் சீறிக்கொண்டு சுற்றியது. அரை மணி நேர வேலை. இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். நெகட்டிவ்தான் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டாதீர்கள். பார்த்து மாட்டுங்கள்.

ஒயரிங்கில் முதலில் தேட வேண்டியது இன்னொன்று உண்டு. சாவியோ சுவிட்சோ கெட்டுப்போனால், செல்ஃபில் ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம். கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டுமே செல்ஃப் சுற்றவிடும் ஒரு சின்ன சுவிட்ச் பல வண்டிகளில் இருக்கிறது. அதை ஒரு துண்டு ஒயரால் தாண்டிவிட்டிருப்பார்கள். பழைய டீசல் எஞ்சின் ஓடச் சாவி தேவையில்லை. சுற்றிவிட்டால் பற்றிக்கொள்ளும். கியரில் இருந்தால் அந்த நொடியே வண்டி நகரும். செல்ஃபில் ஸ்குரூ டிரைவர் வைப்பவர் நிற்பது பெரிய பின் சக்கரத்துக்கு முன்னால். இப்படி உயிர் போயிருக்கிறது. மற்ற ஒட்டுகளை உங்கள் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம். இதை வண்டி வந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். வண்டி சூடாகிறது என்றால் பலர் செய்வது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதுதான். ரேடியேட்டரின் மேல் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு கிண்ணம் போல உட்கார்ந்திருக்கும். தண்ணீர் சுமார் 80 டிகிரி சூடாகும்போதுதான் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். டீசல் முழுதாக எரியாது, ஆயில் சீக்கிரம் கறுக்கும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் இன்னும் மோசம். தெர்மோஸ்டாட் இல்லாதபோது சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் பம்புக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டும். உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைந்த தூசியும் உமியும்தான், அல்லது வழுக்கும் பேன் பெல்ட். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், மிதமான வேகத்தில். அழுத்தம் கூடினால் தகடு மடங்கிவிடும்.

டீசல் லைனில் ஒப்பேற்றிய வேலை கண்ணுக்கே தெரியாது. வண்டி அரை மணி ஓடி நின்றுவிடும். ஏர் எடுத்தால், அதாவது லைனில் மாட்டிய காற்றை வெளியேற்றினால், மறுபடி ஓடும். எங்குமே ஒழுக்கு இருக்காது. ஒழுகவில்லையே என்று எல்லோரும் டீசல் பம்பைக் குறை சொல்வார்கள். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்பு வரை உள்ள பகுதியில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். யாரோ சாதாரண பிளாஸ்டிக் குழாயைச் செருகி, கம்பியால் கட்டியிருப்பார்கள். டீசல் பட்டுப் பட்டு அது கட்டையாகி, முனையில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். டீசலுக்கான குழாயும் சரியான கிளாம்பும் போடுங்கள். செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பிறகு ஃபில்டர், டீசல் பம்ப், நாசில் என்று இந்த வரிசையில் ஏர் எடுங்கள். ஃபில்டர் அடைக்கிறது என்று அதை எடுத்துவிட்டு நேரடியாக லைன் கொடுத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன், பார்க்கவே வயிறு எரியும். பம்புக்குள் உள்ள பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். பொடி மணல் ஒன்று போதும்.

மரை விஷயத்தில் பொறுமை வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அங்குலக் கணக்கு மரை. நடுவில் கை வைத்தவர்கள் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை ஏற்றியிருப்பார்கள். 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர். பார்வைக்கு 8 மில்லிமீட்டர் போல்ட்டும் அதுவும் ஒன்றுதான். இரண்டு மூன்று சுற்று கையால் ஏறும், அப்புறம் இறுகும். அந்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டு முடுக்கினால் போல்ட் பிடித்தது போலத் தோன்றும், உள்ளே மரை நொறுங்கியிருக்கும். கையால் கடைசிவரை சுற்றிப் போகாத போல்ட்டை நான் ஸ்பேனரால் தொடமாட்டேன். மரை ஏற்கெனவே போயிருந்தால், பெரிய துளை போட்டுப் பெரிய போல்ட் மாட்டாதீர்கள். எஃகுச் சுருள் வைத்து அதே அளவு மரையைத் திரும்பக் கொண்டுவரலாம். உடைந்த ஸ்டட் (தலையில்லாத போல்ட்) உள்ளே மாட்டியிருந்தால், அதன் மேல்முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு ஆறி வரும்போது மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அந்தச் சூடுதான் துருவை விடுவிக்கிறது.

போல்ட் பற்றி இன்னொன்று. சில கருவிகளில், சுமை மீறினால் தானே முறியட்டும் என்று வேண்டுமென்றே மெலிவான போல்ட் வைத்திருப்பார்கள். அடிக்கடி முறிகிறது என்று யாரோ தலையில் 10.9 என்று பொறித்த கெட்டி போல்ட்டைப் போட்டிருப்பார். அதற்குப் பிறகு முறிவது கியர் பெட்டி. பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பிடிஓ தண்டின் மூடியும் இதே கதைதான், தொந்தரவு என்று கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துணி சுற்றிக்கொண்டால் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூடியை மாட்டாமல் வண்டியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

எல்லா ஒட்டும் கெட்டது என்று நினைக்க வேண்டாம். வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் விழுந்த கீறலை, இரும்பைச் சூடாக்கி, பித்தளை ஊற்றி அழகாக ஒட்டிய கை வேலைகளைப் பார்த்திருக்கிறேன். இருபது வருடமாக ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அதை யாராவது கிரைண்டரால் தேய்க்கப் போனால் தடுப்பேன். கேஸ்கெட்டுக்குப் பதில் பிழியப் பிழிய சிலிக்கான் அப்பிய வேலையை மட்டும் உடனே பிரியுங்கள். வெளியே பிதுங்கிய அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும்.

கடைசியாக, வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு. வண்டியைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்து அழுக்கு ஈரமாக இருக்கிறதோ அங்கே ஒழுக்கு இருக்கிறது. கழுவினால் அந்தத் தடயம் போய்விடும். நிறைய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு ஒட்டை மட்டும் எடுங்கள், அதற்கு அடியில் உள்ள பழுதைச் சரிசெய்யுங்கள், ஓட்டிப் பாருங்கள், அடுத்ததுக்குப் போங்கள். ஒரே நாளில் பத்தைப் பிரித்தால், வண்டி ஓடாதபோது எதனால் என்று உங்களால் சொல்ல முடியாது. பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. அந்த எர்த் ஒயரை நினைவில் வையுங்கள். எல்லாம் முடிந்து பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு சக்கர நட்டுகளையும் கிளாம்புகளையும் ஒருமுறை மறுபடி முடுக்கிப் பாருங்கள். புதிதாக உட்கார்ந்தவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.