அரசங்காய்க்குள் ஒரு மாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடுகளின் கைப்பிடிச் சுவரிலும் தண்ணீர்க் குழாய் ஓரத்திலும் அரசங்கன்று முளைத்து நிற்கும். விதையைக் கொண்டுவந்து போட்டது காக்கையாகவோ மைனாவாகவோ இருக்கும். ஆனால் அந்த விதை உண்டாவதற்கே ஒரு பெண் குளவி காய்க்குள் நுழைந்து செத்திருக்க வேண்டும். குளவி நுழையாத காய் பெரும்பாலும் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும்.

கொட்டுகிற குளவி அல்ல இது. எள்ளைவிடச் சிறியது, 2 மில்லிமீட்டருக்குள் அடங்கும். அரசுக்கு பிளாட்டிஸ்காபா, ஆலுக்கு யூப்ரிஸ்டினா, நாட்டு அத்திக்கு செரட்டோசோலன் என்று மரத்துக்கு மரம் குளவி வேறு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

அரசங்காய் என்று நாம் சொல்வது உண்மையில் உள்பக்கம் திரும்பிய பூங்கொத்து. பூக்கள் எல்லாம் உள்சுவரில் இருக்கின்றன. காம்புக்கு எதிர்முனையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வாய். அதையும் செதில்கள் அடைத்திருக்கும். பெண் பூக்கள் தயாரானதும் செதில் சற்றுத் தளரும், மணம் கசியும். அதைப் பிடித்து வருகிற குளவி நெருக்கிக்கொண்டு உள்ளே போகும்போது இறக்கை பிய்ந்துவிடும், உணர்கொம்பின் நுனியும் போய்விடும். திரும்ப வழியில்லை.

உள்ளே அதற்கு இரண்டு வேலை. நெஞ்சில் இருக்கிற சிறு பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தை முன்கால்களால் எடுத்துப் பூக்களில் தடவும். முட்டையிடும் குழலைப் பூவின் சூல்தண்டு வழியாக இறக்கி, சூலகத்துக்கு ஒன்றாக முட்டை வைக்கும். தண்டு குட்டையான பூக்கள் பெரும்பாலும் குஞ்சுக் குளவிக்குத் தொட்டிலாகும், நீளமானவை விதையாகும். அந்தத் தொட்டில்தான் மரம் குளவிக்குத் தருகிற கூலி.

சுமார் ஒரு மாதம் கழித்து, முதலில் ஆண் குளவிகள் வெளிவரும். இறக்கை கிடையாது, பார்வையும் இல்லாத மாதிரிதான். பெண் இருக்கிற பூவைக் கடித்துத் துளைபோட்டு இணைசேரும். அதே சமயத்தில் ஆண் பூக்களும் முதிர்ந்திருக்கும். பெண்கள் மகரந்தத்தை நிரப்பிக்கொள்ளும். ஆண்கள் சேர்ந்து காயின் சுவரைக் குடைந்து வழி திறந்துவிட்டுச் செத்துப்போகும். பெண்கள் பறந்த பிறகுதான் காய் பழுக்கும்.

சிக்கல் இனிமேல்தான். ஒரு மரத்தின் காய்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முதிர்கின்றன. எனவே வெளியே வந்த பெண்ணுக்குத் தன் மரத்தில் இடம் இருக்காது. ஓரிரு நாள் ஆயுளுக்குள் பிஞ்சு விட்ட வேறு மரத்தை எட்ட வேண்டும். காற்று தூக்கிக்கொண்டு போகும் தூரம் நம்ப முடியாதது: நமீபியாவின் ஆற்றங்கரை அத்திகளில் 160 கிலோமீட்டர் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். இருந்தாலும் வியாசர்பாடியில் ஒன்று, மாதவரத்தில் ஒன்று, மணலியில் ஒன்று என்று வெவ்வேறு பருவத்தில் மரங்கள் இருந்தால்தான் ஆண்டு முழுக்கச் சங்கிலி அறாது.

"அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு" என்பார்கள். நாட்டு அத்திக்கு அது பாதி நியாயம். உள்ளே மிஞ்சுவது பெரும்பாலும் செத்த ஆண் குளவிகள். பழத்தை நாலாக வகிர்ந்து, தட்டி, கழுவிப் பார்த்துச் சாப்பிடுங்கள். சௌகார்பேட்டையில் வாங்கும் உலர் அத்தி வேறு இனம். அதில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி; நாம் தின்பது பெண் மரத்துப் பழம். பூவின் தண்டு நீளம் என்பதால் உள்ளே குளவி முட்டை வைக்கவே முடியாது. பல்லில் நறநறப்பது விதை. சில ரகங்கள் குளவியே இல்லாமலும் பழுக்கும்.

மழைக்காலத்துக்கு முன் தெரு மரங்களில் கிளை கழிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெவ்வேறு கிளைகளிலிருந்து ஐந்தாறு காய் பறித்து, காம்பிலிருந்து வாய் வரை பிளேடால் கீறுங்கள். முட்டை வைத்த பூக்கள் மணிபோல் உப்பி, அவற்றுக்குள் கறுத்த உருவங்களும் தெரிந்தால் குளவி கிளம்பும் நேரம். அவசரம் இல்லாத கிளையைச் சில நாள் விட்டுவையுங்கள். காயின் மேல் குண்டூசித் தலை அளவுக்குத் துளை இருந்தால் குளவி போயாகிவிட்டது. மின்கம்பியில் உரசுகிற கிளைக்கு மட்டும் எதையும் பார்க்க வேண்டாம், உடனே கழித்துவிடலாம். ஆனால் அந்தச் சாக்கில் மரத்தையே மொட்டையடிப்பதுதான் ஊரில் நடக்கிறது. அப்படி வெட்டினால் மறுபடி காய்க்கிற வரை அந்த மரம் குளவிக்கு இல்லாத மரம்தான்.

நன்றி, வணக்கம்.