நானோ சென்சார்கள் ஏன் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வரவில்லை?

இந்தக் கேள்வி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு மாணவி கேட்டது. "கிராஃபீன், கார்பன் நானோகுழாய், தங்க நானோ துகள் என்று எதை எதையோ வைத்து, சில மூலக்கூறுகள் இருந்தாலே கண்டுபிடித்துவிடும் சென்சார் செய்ததாகக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் வீட்டில் இருப்பது சர்க்கரை பார்க்கும் கருவியும் கர்ப்பம் பார்க்கும் பட்டையும்தான். கட்டுரைகளில் வருவது பொய்யா? இந்தத் துறையில் ஆராய்ச்சிக்கு வரலாமா?"

பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த எண்கள் பெரும்பாலும் நிஜமாகவே அளந்தவைதான். எந்தத் திரவத்தில் அளந்தார்கள் என்று மட்டும் பாருங்கள். பல கட்டுரைகளில் அது சுத்தமான பஃபர் கரைசல், அதாவது அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசல். தேடும் பொருளும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் இருக்கும், அவ்வளவுதான்.

ரத்தம் அப்படிப்பட்டதில்லை. மாரடைப்பைக் கண்டறிய ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்கிறார்கள் இல்லையா? டாக்டர்கள் கவனிக்கத் தொடங்கும் அளவே லிட்டருக்குப் பத்துப் பதினைந்து நானோகிராம்தான். அதே ரத்தத் திரவத்தில் அல்புமின் என்ற இன்னொரு புரதம் மட்டும் லிட்டருக்குச் சுமார் 40 கிராம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 300 கோடி மடங்கு. ட்ரோபோனின் வந்து உட்கார நீங்கள் ஆசையாக ஆன்டிபாடி (குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் புரதம்) பூசிவைத்த இடத்தில், அல்புமின் முதலில் வந்து அப்பிக்கொள்ளும். நானோ பொருளின் பெருமையே அதன் மேற்பரப்பு அதிகம் என்பதுதான். அழுக்கு ஒட்டவும் அதே மேற்பரப்புதான் இடம் கொடுக்கிறது!

மூலக்கூறின் மின்னூட்டத்தால் மின்னோட்டம் மாறுவதை வைத்து அளக்கும் டிரான்சிஸ்டர் வகை சென்சாரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஆன்டிபாடி பிடித்த மூலக்கூறின் மின்னூட்டத்தைக் கீழே இருக்கும் கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் ஏடு) உணர வேண்டும். ஆனால் உப்புக் கரைசலில் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சூழ்ந்து மறைத்துவிடும். ரத்தத்தில் இருக்கும் உப்புக்கு, அது ஒரு நானோமீட்டர் தூரம்கூடத் தெரியாது. ஆன்டிபாடியின் உயரமோ சுமார் 10 நானோமீட்டர். அதனால் கரைசலை 100 மடங்கு நீர்த்து அளப்பார்கள். அப்போது அந்தத் தூரம் 10 மடங்கு கூடும், படம் அழகாக வரும். கையில் ரத்தத் துளியோடு நிற்பவர் அதை எப்படி நீர்ப்பார்? அந்தக் கேள்வி கட்டுரையில் இருக்காது.

சரி, சர்க்கரைக் கருவி மட்டும் எப்படி ஜெயித்தது? குளுக்கோஸ் ரத்தத்தில் தாராளமாக இருக்கிறது. சாப்பிடாமல் இருக்கும்போதே ஒரு லிட்டரில் முக்கால் கிராமுக்கு மேல். ட்ரோபோனின்போல ஊசியைத் தேடும் வேலை இல்லை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியும் நல்ல முரட்டு நொதி, உலர்த்தி வைத்தாலும் தாங்கும். ஒரே நாளில் பல முறை அளக்க வேண்டிய நோயாளிகளும் ஏராளம்.

இவ்வளவு அதிர்ஷ்டம் இருந்தும் எத்தனை காலம் ஆனது பாருங்கள். லேலண்ட் கிளார்க், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் நொதி எலக்ட்ரோடு யோசனையை, அதாவது நொதியை மின்முனையில் வைத்து அளக்கும் யோசனையை, வெளியிட்டது 1962இல். பிறகு, நொதி குளுக்கோஸோடு வினை செய்யும்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை அளக்கும் முறை வந்தது. அதற்குக் கொடுக்க வேண்டிய மின்னழுத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாரசிட்டமால் எல்லாம் சேர்ந்து வினை செய்து கணக்கைக் கெடுத்தன. 1984இல், நொதியிலிருந்து எலக்ட்ரானை மின்முனைக்குக் கொண்டுபோகும் ஃபெரோசீன் என்ற இடைத்தரகரை வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்தார்கள். அதற்கு அப்புறம், 1987இல்தான் இந்த முறையில் இயங்கும் கையடக்கக் கருவி வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள்!

ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன். நானோ பொருள் வீட்டுக்கு வரவில்லை என்கிறீர்கள், வந்துவிட்டது. கர்ப்பம் பார்க்கும் பட்டைகள் பலவற்றில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு தங்க நானோ துகள்தான். தங்கத்தை அவ்வளவு பொடியாக்கினால் சிவப்பாகத் தெரியும் என்று 1857இலேயே ஃபாரடே எழுதிவைத்தார். அந்தப் பட்டையில் கோடு தெரிகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும், துல்லியமான எண் தேவையில்லை. அதனால் அது பிழைத்துக்கொண்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வாருங்கள், ஆனால் புதுப் பொருளைத் தேடி வராதீர்கள். அதைச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். ரத்தத்தில் அழுக்கு ஒட்டாத பூச்சு, ஆறு மாதம் அலமாரியில் இருந்தாலும் அதே விடை தரும் சென்சார், ஒரே நாளில் செய்த 100 சென்சாரும் ஒரே எண்ணைக் காட்டுவது: இதற்கெல்லாம் ஆள் குறைவு. பெரிய இதழ்களில் இடம் கிடைப்பதும் கொஞ்சம் கஷ்டம், அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். நேர்காணலுக்குப் போகும்போது ஆராய்ச்சி வழிகாட்டியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த சென்சாரை நோயாளியின் ரத்த மாதிரியில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா, என்ன ஆனது?" தோற்ற கதையை உட்கார வைத்துச் சொல்கிறவரிடம் சேர்ந்துவிடுங்கள்.